வாடல் தாங்கும் வாழை ஆய்வகத்தில் பிறக்குமா? சேலம், ஏற்காடு வாழைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எடப்பாடிக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவில் எங்கள் நாற்றங்கால் இருக்கிறது. ஆய்வகத்திலிருந்து பொடிசாக வரும் திசு வாழைக் கன்றுகளை நிழல்வலைக்குள் வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, நடுகிற அளவுக்கு வளர்த்துக் கொடுக்கிறோம். ஆற்றங்கரை விவசாயிகள், ஆத்தூர் பக்கத்துக்காரர்கள், காபிக்கு நடுவே வாழை வைத்திருக்கும் ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் என்று வருகிற எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வண்டியில் கன்று ஏறிக்கொண்டிருக்கும்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. தோட்டக்கலை படித்தேன், சில காலம் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தேன். வாடலில் தோட்டத்தை இழந்த வீட்டில் பிறந்தவள்.

எங்க ரஸ்தாளி அஞ்சாம் மாசத்துல மஞ்சளாகுதுங்க. சத்துக் குறையா, வாடலா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் இலையைப் பாருங்கள். வாடல் என்றால் அடியில் உள்ள முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும், அதுவும் ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி. பிறகு காம்பு தண்டை ஒட்டிய இடத்தில் மடிந்து, இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் ஆகிவிடும். குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். பல தோட்டங்களில் அடித்தண்டு நெடுக்காக வெடிக்கும்.

இலையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். நல்ல கிழங்கு உள்ளே பால் வெள்ளையாக இருக்கும். வாடல் பிடித்த கிழங்கில் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் வட்டமாகத் தெரியும், வெற்றிலைச் சாறு ஊறியது மாதிரி. தண்டை நெடுக்காகப் பிளந்தால் அதே நிறம் இழை இழையாக மேலே ஏறியிருக்கும். அப்பா முதல் கிழங்கை வெட்டிய அன்று பக்கத்தில் நான்தான் நின்றேன். ஒன்றும் பேசாமல் அடுத்த மரத்துக்குப் போய் அதையும் வெட்டினார், பிறகு அதற்கடுத்ததையும். மூன்றிலும் அதே வட்டம்.

அதுக்கு மருந்தே இல்லையா?

விழுந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து இல்லை. இந்த நோயை உண்டாக்குவது பியூசேரியம் என்ற மண் பூஞ்சை. வேர் வழியாக உள்ளே போய், நீர் ஏறுகிற குழாய்களில் குடியேறி அவற்றை அடைத்துவிடுகிறது. மேலே தெளிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது. கிழங்கில் சாய்வாகத் துளையிட்டுக் கார்பென்டாசிம் வைக்கும் முறை உண்டு. தொடக்கத்திலேயே செய்தால் நோயைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பூஞ்சையின் தடித்த தோல் கொண்ட வித்துக்கள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். அந்த மண்ணில் நின்றாலும் வாடாத ரகம் வேண்டும் என்று உலகம் முழுக்கத் தேடுவது அதனால்தான்.

நெல்லு, சோளம் மாதிரி ரெண்டு ரகத்தைக் கலந்து புது ரகம் எடுக்கலாமே. எதுக்கு லேபு?

கலக்க விதை வேண்டும். நாம் தின்கிற வாழைக்கு விதை ஏது? காட்டு வாழைப் பழத்தைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே மிளகைவிடப் பெரிய கருங்கல் விதைகள் நெருக்கி அடைத்திருக்கும், சதை பேருக்குத்தான். அந்தக் காட்டு வாழைகளிலிருந்துதான் இன்றைய ரகங்கள் வந்தன. ஆனால் ரஸ்தாளி, பூவன், கற்பூரவல்லி, மொந்தன், நேந்திரன், ஜி-9 எல்லாவற்றிலும் குரோமோசோம் தொகுதி மூன்று இருக்கிறது. தொகுதிக்கு 11 வீதம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. பூ கருவுறாமலேயே காய் பருக்கிறது. நமக்கு விதையில்லாத பழம் கிடைக்கிறது, இனப்பெருக்க விஞ்ஞானிக்குக் கதவு அடைபடுகிறது.

காட்டு வாழையோடும் நோய் தாங்கும் வாழைகளோடும் கலந்து செய்யும் வேலை உலகில் நடக்கத்தான் செய்கிறது, நல்ல ரகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அப்படி வருவது வேறொரு வாழை. ரஸ்தாளி ரஸ்தாளியாகவே இருந்து வாடல் மட்டும் வரக்கூடாது என்றால் கலப்பு அதைத் தராது. ஒரு கிழங்கிலிருந்து கன்று, அந்தக் கன்றிலிருந்து இன்னொரு கன்று என்று தாத்தா காலத்திலிருந்து நாம் நட்டுவருவது ஒரே செடியின் நகல்களைத்தான். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். அந்த நகலின் மரபு இழையில் (டிஎன்ஏ) ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வக வேலை.

எப்படி மாத்துறாங்க? கரண்டு விடுறாங்களா?

மின்சாரம் இல்லை. பெரும்பாலும் காமா கதிர், இல்லாவிட்டால் ரசாயனம்.

1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்தி, மரபுப் பண்புகளை மனிதன் கையால் மாற்ற முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டே ஸ்டாட்லர் பார்லியில் அதைச் செய்தார். இன்று பெரும்பாலும் கோபால்ட்-60 தரும் காமா கதிரைப் பயன்படுத்துகிறார்கள். கதிர் மரபு இழையை ஆங்காங்கே அறுக்கும். செல் அதை அவசரமாக ஒட்டும்போது சில இடங்களில் துண்டு விட்டுப்போகும், சில இடங்களில் எழுத்து மாறும். அந்தப் பிழைதான் புதிய பண்பு.

ரசாயனத்தில் அதிகம் பயன்படுவது ஈஎம்எஸ் (எத்தில் மீத்தேன் சல்போனேட்). இது இழையை அறுக்காது, தனித்தனி எழுத்தை மாற்றிவிடும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள். புகை உறிஞ்சும் அலமாரிக்குள், கையுறையோடு, பழகிய ஆள் மட்டுமே கையாள வேண்டும். பாட்டிலில் வாங்கிவந்து கிழங்கை நனைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.

கதிர் பட்ட வாழையைத் தின்னா நமக்கு ஏதாவது ஆகுமா?

ஆகாது. இந்த அளவுக் காமா கதிர் செடியைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடமிருந்து கதிர் வருகிறதா? அதே கணக்குதான். அதோடு கதிர் பட்டது கண்ணாடிக் குப்பியில் இருந்த ஒரு நுனி மீது. நீங்கள் சாப்பிடும் பழம் அதற்குப் பல தலைமுறை தள்ளிப் பிறந்த கன்றில் காய்த்தது.

நம் நாட்டில் இது பழைய கதை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் டெல்லியில் இருந்தபோது, மெக்சிகோவிலிருந்து வந்த செந்நிறச் சொனோரா-64 கோதுமையின்மேல் காமா கதிர் செலுத்தி, நம் மக்கள் விரும்பும் பொன்னிறத்தில் சர்பதி சொனோராவை உருவாக்கினார். 1960-களிலேயே அது வயலுக்கு வந்துவிட்டது.

லேபுக்குள்ள என்னதான் நடக்குது? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நோயில்லாத தாய் மரத்திலிருந்து ஈட்டி இலைக் கன்று ஒன்றைத் தோண்டி எடுப்பார்கள். மண்ணைக் கழுவி, மட்டையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், கட்டைவிரல் அளவு வெள்ளைக் கட்டை மிஞ்சும். அதைக் கிருமிநீக்கம் செய்து, காற்று வடிகட்டிய மேசையில் வைத்து, இன்னும் உரித்தால் கடைசியில் அரிசி மணி அளவில் குருத்து நுனி வரும். கத்தி பட்ட இடம் கண்ணெதிரே கறுக்கத் தொடங்கும். வாழைத்தண்டு நறுக்கினால் கை கறுக்குமே, அதே கறைதான். புதிதாகச் சேர்ந்தபோது நான் போட்ட முதல் இருபது குப்பியில் பாதிக்கு மேல் கறுத்துச் செத்தது. சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் வளர்ச்சி ஊக்கியும் சேர்த்த கூழில் அந்த நுனியை நட்டால், சில வாரங்களில் பக்கத்தில் பொடி மொட்டுகள் கிளம்பும்.

இந்த மொட்டுகளைத்தான் கதிர் பெட்டிக்குள் வைப்பார்கள். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வது வழக்கம். வாழைக் குருத்து நுனிக்குப் பெரும்பாலும் 20 முதல் 60 கிரேக்குள் வைப்பார்கள். குறைந்தால் ஒன்றும் மாறாது, கூடினால் எல்லாம் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும் முதலில் பாதி செத்துப் பாதி பிழைக்கிற அளவு எது என்று சோதித்துப் பார்த்து, அதை ஒட்டி அளவை நிர்ணயிப்பார்கள். பெட்டிக்குள் இருப்பது கொஞ்ச நேரம்தான்.

அதற்குப் பிறகுதான் பொறுமையின் வேலை. ஒரு நுனியில் பல நூறு செல்கள் இருக்கின்றன. கதிர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. ஒரு செல்லில் மாற்றம் வந்திருக்கும், பக்கத்துச் செல் பழையபடியே இருக்கும். அம்மாப்பேட்டைத் தறியைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பாவில் ஒரே ஓர் இழை நிறம் மாறியிருந்தால், துணி முழுக்க அது ஒற்றைக் கோடாக ஓடும். செடியிலும் அப்படியே, ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது. இந்தக் கலவைச் செடியை வயலில் வைத்தால் முதல் தாரில் ஒரு குணமும் கன்றில் வேறு குணமும் காட்டி ஏமாற்றிவிடும்.

அதனால் மொட்டைப் பிரித்து வளர்த்து, அதன் மொட்டை மறுபடி பிரித்து, குறைந்தது மூன்று நான்கு சுற்றுப் போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழையதும் புதியதும் தனித்தனியாகப் பிரிந்துகொண்டே வரும். இன்னொரு வழியும் உண்டு. வாழைப்பூவின் நுனியில், மடல்களை எல்லாம் உரித்தபின் உள்ளே இருக்கும் முதிராத ஆண் பூக்களிலிருந்து தனிச் செல்களைத் திரவத்தில் வளர்த்து, அந்தச் செல்களின்மேல் கதிர் செலுத்துவது. ஒரு செல்லிலிருந்து ஒரு முழுச் செடி வருவதால் கலவைக்கு இடமில்லை. ஆனால் எல்லா ரகத்திலும் இது எளிதில் கைகூடாது.

அப்போ கதிர் வெச்சாப் போதும், நோய் தாங்கிடுமா?

இங்கேதான் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கதிருக்குப் பியூசேரியம் என்றால் என்னவென்று தெரியாது. எங்கே அறுக்க வேண்டும் என்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான கன்றுகளில் குட்டையானது, இலை கிழிந்தது, சீப்பு கோணியது, பூவே தள்ளாதது என்று எல்லாம் வரும். பெரும்பாலானவற்றில் எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு நடுவில் வாடலைத் தாங்கும் ஒன்று இருந்தால் உண்டு. சேகோ ஆலையில் சல்லடை மேல் சல்லடையாகச் சலிப்பதுபோலச் சலித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கதிருக்கு நிமிடங்கள் போதும், சலிப்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

வாழையில் இன்னொரு சிக்கல், மூன்று பிரதி. பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடுகிற ஒரு மரபணு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் இரண்டு பிரதி, விதை மூலம் அடுத்த தலைமுறையில் இரண்டும் உடைந்த செடியைப் பொறுக்கி எடுக்கலாம். வாழையில் மூன்று பிரதி, விதையும் இல்லை. ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டு கதவைத் திறந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே இரண்டு பிரதி வேலை செய்யாமல் இருந்து, மிஞ்சிய ஒன்றில் கதிர் பட்டால்தான் விளைவு தெரியும். அல்லது ஒரு பிரதி மாறினாலே வெளியே தெரிகிற வகை மாற்றமாக இருக்க வேண்டும். அதனால்தான் நூறு இருநூறு கன்றில் சோதித்துப் பயனில்லை, ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது.

முதல் சல்லடை குப்பியிலேயே. பூஞ்சை சுரக்கும் நஞ்சைக் கூழில் கலந்து, அதில் பிழைப்பதை எடுப்பார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் குப்பியில் பிழைத்தது மண்ணில் பிழைக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டாவது சல்லடை தொட்டி. பூஞ்சையை வளர்த்து மண்ணில் கலந்து, கன்று நட்டு, சில மாதம் கழித்து ஒவ்வொரு கிழங்கையும் குறுக்கே வெட்டி உள்ளே எவ்வளவு பழுப்பு என்று மதிப்பெண் போடுவார்கள். மேலே பச்சையாக இருந்து உள்ளே பழுப்பேறியிருப்பவை இங்கே அகப்படும். மூன்றாவது சல்லடை, வாடல் ஊறிப்போன வயல். நடவுப் பயிரும் அதற்கடுத்த மறுதாம்பும் அங்கே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வெவ்வேறு ஊர்களில் விளைச்சல், பழ எடை, சுவை பார்ப்பது. வாழை ஒரு சுற்றுக்கே ஒரு வருடம் எடுக்கும் பயிர். கூட்டிப் பாருங்கள், பத்து வருடம் தாராளமாக ஓடிவிடும்.

எங்கேயாவது பலிச்சிருக்கா?

பலித்திருக்கிறது, ஆனால் வாழையில் குறைவாகத்தான்.

தைவான்காரர்கள் கதிரே வைக்காமல் ஒன்றைச் செய்தார்கள். திசு வளர்ப்பில் திரும்பத் திரும்பப் பிரிக்கும்போது தானாகவே சில கன்றுகள் மாறிவிடும். அப்படி மாறியவற்றை வாடல் ஊறிய மண்ணில் ஏராளமாக நட்டு, பிழைத்ததைப் பொறுக்கினார்கள். பார்மோசானா என்ற கேவண்டிஷ் (நம் ஜி-9 சேர்ந்த வாழைக் குடும்பம்) அப்படி வந்தது. ஆனால் அது நோயே வராத ரகம் இல்லை. மற்ற மரங்கள் பெருமளவில் சாகும் மண்ணில் இதில் சேதம் குறைவு. அப்படிப் பொறுக்கிய இன்னொன்று தார் முதிர அதிக நாள் எடுத்துக்கொண்டது. நோயைத் தாங்கும் மரம் வேறெங்கோ விலை கொடுக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கதிரால் வந்த வாழையில் மலேசியாவின் நோவேரியா பெயர் பெற்றது. அதன் சிறப்பு முன்கூட்டியே பூ விடுவது. நோய் எதிர்ப்புக்குக் கதிர் உதவும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் சாட்சி வாழை இல்லை, ஜப்பானின் பேரிக்காய். நிஜிஸ்ஸெய்கி என்ற அவர்கள் நாட்டு ரகத்தைக் கரும்புள்ளி நோய் தின்றது. காமா கதிர் படும்படி அமைத்த வயலில் நின்ற மரங்களில் ஒன்றின் ஒரு கிளை மட்டும் புள்ளியில்லாமல் நின்றதைப் பார்த்து, அதிலிருந்து கோல்ட் நிஜிஸ்ஸெய்கியை எடுத்தார்கள். பழம் அதே பழம், நோய் மட்டும் வெகுவாகக் குறைந்தது. ரஸ்தாளிக்கு நாம் கேட்பதும் அதுதான்.

அந்த ரஸ்தாளி வேலை நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில், குருத்து நுனிகளை ஈஎம்எஸ் போன்ற ரசாயனங்களில் நனைத்து, வாடலைத் தாங்குவதாகத் தெரிந்த சில கன்றுகளைப் பிரித்தெடுத்து, 2016-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் ஆய்வுக் கட்டுரைக்கும் உங்கள் வயலுக்கும் நடுவில் இன்னும் பல சல்லடைகள் இருக்கின்றன.

காவிரி வாமன்னு ஒண்ணு வந்திருக்காமே? அது வாடல் தாங்குமா?

பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி வாழை மையமும் சேர்ந்து, ஜி-9 எனப்படும் கிராண்ட் நைனிலிருந்து காமா கதிர் மூலம் எடுத்தது. 2025-இல் அறிவித்தார்கள். டிபிஎம்-9 என்பது அதன் எண். அதன் சிறப்பு குட்டை உயரமும், சுமார் ஒன்றரை மாதம் முன்னதாக முதிர்வதும்.

நம் பக்கம் கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில், தார் தள்ளிய மரங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிடுகின்றன. முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்புக்கே பெரும் பணம் போகிறது. குட்டை மரம் அதற்கு நல்ல பதில். ஆனால் அதை வாடல் தாங்கும் ரகம் என்று நினைத்து வாங்காதீர்கள், அதற்காக வெளியிட்டது இல்லை.

இது மரபணு மாற்றுப் பயிர்தானே?

இல்லை. வெளியிலிருந்து எந்த மரபணுவையும் உள்ளே வைப்பதில்லை, செடியின் சொந்த எழுத்துகளே இடம் மாறுகின்றன. வித்தியாசம் தெரிய ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் ஒரு காட்டு வாழையின் எதிர்ப்பு மரபணுவை எடுத்துக் கேவண்டிஷுக்குள் வைத்து கியூகேவ்-4 என்ற வாழையை உருவாக்கினார்கள், 2024-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அது மரபணு மாற்றுப் பயிர். இரண்டுக்கும் தனித்தனி ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என் மனது இரண்டுக்கும் எதிரியில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விற்கக் கூடாது.

நான் ஜி-9 போட்டிருக்கேன். அதுக்குத்தான் வாடல் வராதே?

இதுவரை நம் மண்ணில் ரஸ்தாளியையும் கற்பூரவல்லியையும் தாக்கும் பூஞ்சை இனத்தை, ஜி-9 தாங்குகிறது. உலகமே கேவண்டிஷுக்கு மாறியதும் அப்படித்தான். அதற்கு முன் ஏற்றுமதியை ஆண்ட கிராஸ் மிஷல் என்ற ரகத்தை 1950-கள் வாக்கில் பனாமா வாடல் துடைத்துவிட்டது. பனாமா என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் டிஆர்4 என்ற இனம் கேவண்டிஷையும் கொல்லும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவி, 2019-இல் கொலம்பியாவையும் எட்டிவிட்டது. இந்தியாவில் முதலில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கம் தெரிந்து, உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், குஜராத் என்று பரவியிருக்கிறது. ஒரு இனத்தைத் தாங்குகிற ரகம் இன்னொரு இனத்தைத் தாங்க வேண்டியதில்லை. யாராவது "வாடல் தாங்கும்" என்றால் "எந்த வாடல்?" என்பதுதான் முதல் கேள்வி. வட மாநிலங்களிலிருந்து மலிவாகக் கிழங்கு வருகிறது என்றால் தொடவே வேண்டாம்.

ஏற்காட்டுல எங்களுக்கு வாடலைவிட முடிக்கொத்துதான் தொல்லை. அதுக்கும் இப்படி ரகம் வருமா?

முடிக்கொத்து பூஞ்சை இல்லை, வைரஸ். வாழை அசுவினி அதைப் பரப்புகிறது. இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் குவியும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளியும் கோடுமாகத் தெரியும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையை ஒரு காலத்தில் அழித்தது இதுதான்.

இந்த நோய்க்கு வாழை ரகங்களில் முழு எதிர்ப்பு என்பது கைக்கு எட்டாத ஒன்றாகவே இருக்கிறது, மாற்றம் செய்து எடுக்கும் முயற்சியும் கடினமானது. மலையில் உங்களுக்கு இன்று உதவுவது வைரஸ் சோதித்த கன்றும் கூர்மையான கண்ணும்தான். கொத்து தெரிந்தால் முதலில் அசுவினியைக் கொல்லுங்கள், பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். அசுவினி இருக்கும்போதே மரத்தை ஆட்டினால் அது பக்கத்து மரத்துக்குப் போய்விடும். காபிக்கு நடுவே பராமரிப்பின்றி நிற்கும் பழைய வாழைக் குத்துகளை முதலில் பாருங்கள். நோய் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ருசி மாறுமா?

மாறலாம். அதனால்தான் கடைசிச் சல்லடை நாக்கு.

நர்சரியில "வாடல் தாங்கும் திசு ரஸ்தாளி"ன்னு எழுதி விக்கிறாங்களே, வாங்கலாமா?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அந்தச் சொற்களை நம்பித்தான் அப்பா ஒரு நாற்றங்காலிலிருந்து அறுநூறு கன்று வாங்கினார், சாதாரணக் கன்றைவிட அதிக விலைக்கு. பில்லில் "ரஸ்தாளி" என்று மட்டும் இருந்தது, "வாடல் தாங்கும்" என்பது வாய்ச்சொல்லோடு சரி. ஏழாம் மாதத்துக்குள் முக்கால்வாசி போய்விட்டது. திரும்பப் போய்க் கேட்டபோது உங்கள் மண் சரியில்லை என்றார்கள். மண் சரியில்லை என்பதால்தானே அந்தக் கன்றைத் தேடிப் போனோம்.

திசு வாழை என்றால் நோயில்லாமல் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தது என்று பொருள். நோயைத் தாங்கும் என்று பொருள் இல்லை. உண்மையில் கிழங்குக் கன்றைவிடத் திசுக் கன்று முதல் சில மாதங்களில் பியூசேரியத்துக்குச் சீக்கிரம் இலக்காகும். சுத்தமான கூழில் வளர்ந்த குழந்தை, அதன் வேரைக் காக்க நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் சேர்ந்திருக்காது.

வாங்கும்போது ரகத்தின் பெயரும் வெளியிட்ட நிறுவனமும் பில்லில் இருக்கட்டும். மத்திய அரசின் திசு வளர்ப்புச் சான்றளிப்புத் திட்டத்தின் கீழ் வைரஸ் சோதனை செய்த கன்றா என்று கேளுங்கள், சீட்டைக் கண்ணால் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரியுங்கள். எங்களிடம் வாங்கினாலும் இதையே கேளுங்கள். என்னிடம் இன்று வாடல் தாங்கும் ரஸ்தாளி இல்லை.

அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது?

வாடல் வந்த வயலில் ரஸ்தாளியையும் கற்பூரவல்லியையும் திரும்ப நடாதீர்கள். பூவன், ஜி-9 நம் பக்கத்து வாடலை நன்றாகத் தாங்குகின்றன. தண்ணீர் வசதி இருந்தால் ஒன்றிரண்டு போகம் நெல் போட்டுத் தண்ணீர் கட்டுங்கள், பூஞ்சை குறையும். நடும்போது டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையையும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவையும் மக்கிய தொழுவுரத்தில் பெருக்கிக் குழியில் இடுங்கள். செத்த மரத்தைக் கிழங்கோடு எடுத்து அழித்து, குழியில் சுண்ணாம்பு போடுங்கள். வாய்க்காலில் விடவே கூடாது. ஆற்றங்கரையில் ஒருவர் தள்ளிவிட்ட கட்டை அடுத்தவர் மடையில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சொட்டுநீர் போட்டால் ஒரு மரத்தின் தண்ணீர் இன்னொரு மரத்துக்கு ஓடாது. நோய் வயலில் வேலை செய்த மண்வெட்டி கழுவாமல் நல்ல வயலுக்குப் போகக் கூடாது.

எங்க தோட்டத்துல சுத்தி எல்லாம் வாடிப் போச்சு, ஒரே ஒரு ரஸ்தாளி மட்டும் நிக்குது. அது ஏதாவது மாறின மரமா இருக்குமா?

வாழவந்தி பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் கேட்டது இது. இருக்கலாம். இயற்கையிலும் மாற்றம் நடக்கிறது, ஆய்வகம் அதை வேகப்படுத்துகிறது அவ்வளவுதான். பெரும்பாலும் அந்த மரத்தின் வேர் இன்னும் பூஞ்சையைச் சந்திக்காமல் இருந்திருக்கும், அல்லது மேட்டில் நின்று தப்பியிருக்கும். ஆனாலும் அலட்சியமாக வெட்டிவிடாதீர்கள்.

தார் வெட்டும்வரை விடுங்கள். அந்த மரத்துக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள், சுற்றிச் செத்த மரங்கள் எத்தனை, எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கன்றைப் பிரித்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டாம், பூஞ்சை வெளியே தெரியாமல் கிழங்கில் இருக்கலாம், கன்றோடு அதுவும் போய்விடும். ஒரு கன்றை மட்டும், அதே தோட்டத்தில், மரம் செத்த குழியிலேயே நட்டுப் பாருங்கள். அந்தக் கன்றும் பூத்துத் தார் தள்ளினால், தார் வெட்டியபின் அதன் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பால் வெள்ளையாக இருந்தால் அடுத்த கன்றைத் தொடாமல், படம் எடுத்துக்கொண்டு ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். அந்த அண்ணன் அப்படி ஒரு கன்றை நட்டிருக்கிறார், இப்போது ஐந்தாம் மாதம்.